முப்பத்தெட்டு செக்கன் பிந்திய பாங்கு

1

நோன்புக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஊரிலிருந்து ஜவாத் மச்சான் ஒஸ்லோவில் இருக்கும் எனக்கு ஒரு குரற்பதிவு அனுப்பியிருந்தார். ஜவாத் என் மனைவி பரீதாவின் தம்பி. கல்முனைக்கு அருகே கடலோரத்திலுள்ள எங்கள் ஊரில், பள்ளிவாசல் நிருவாகசபையில் இருப்பவர்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். நம்மட பள்ளிட பாங்கு போன்ல பிந்தி வருது. போன நோன்புல பள்ளியில ஸுபஹுப் பாங்கு தொடங்கின பொறகும், போன்ல வாறத நம்பிச் சோத்துல கைய வெச்சிக்கிட்டு இருந்த ஆக்கள் இரிக்காங்க. மௌலவி என்னத்தான் ஏசுறாரு. நீங்க அங்க தொழிலாச் செய்யிறது இதுதானே? ஒருக்காப் பாத்துச் செல்லுங்க.”

பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் தொழுகையும் இப்போது இணையத்தில் காட்சியாகவே வருகின்றன. ஒலிபெருக்கிச் சத்தம் எட்டாத வயற்கரை வீடுகளில் பெண்கள் கைப்பேசியைச் சமையலறைத் தட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு பாங்கை எதிர்பார்த்திருக்கிறார்கள். நோன்பு திறக்கும் மாலைப் பாங்கு சற்றுப் பிந்தினால் குற்றமில்லை. பசித்தவர் இன்னும் கொஞ்சம் பசித்திருப்பார். வைகறைப் பாங்கு அப்படியன்று. உண்பதை நிறுத்த வேண்டிய எல்லை அது. அது பிந்தினால் நோன்பே பழுதாகிவிடும்.

எவ்வளவு பிந்துகிறது என்று ஜவாத் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. முப்பத்தெட்டு செக்கன். சென்ற ஆண்டு, நோன்புக்கு முந்திய இதே ஷஃபான் மாதத்தில் அதை நான் அறிந்துகொண்டேன். அளக்க வேண்டும் என்று எண்ணி அளந்ததல்ல. அந்த மாதத்தில்தான் பரீதா ஊரில் நெஞ்சுவலி வந்து மௌத்தானார்.

2

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகிறது. கொழும்பில் ஒரு வானொலி நிலையத்தில் செய்தியாளனாகவும் அறிவிப்பாளனாகவும் இருந்தேன். கலையகத்தின் முதற்பாடம் மௌனத்துக்கு அஞ்சுவது. மூன்று செக்கன் சத்தமில்லாமல் போனால் கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் பொறியியலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். நேரலையில் ஒருவர் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், மூன்று செக்கனுக்குள் வாயிலிருந்து ஏதேனும் வந்துவிட வேண்டும். நாங்கள் அப்படிப் பழக்கப்பட்டவர்கள்.

நோன்பு மாதத்தில் மாலைப் பாங்கை ஒலிபரப்பும் பொறுப்பு ஒரு நாள் எனக்கு வந்தது. கொழும்புக்கான நேர அட்டவணை கலையகச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. என் சட்டைப்பையில் வேறோர் அட்டவணை இருந்தது. கல்முனைப் புடவைக்கடை ஒன்று அச்சிட்டு வழங்கியது. உம்மாவின் கடிதத்தோடு வந்தது. ஊரில் இப்போது நோன்பு திறந்திருப்பார்கள் என்று தெரிந்துகொள்வதற்காக ஒவ்வொரு மாலையும் அதை எடுத்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. அன்றும் எடுத்துப் பார்த்தேன். அதிலிருந்த நேரத்துக்குப் பாங்கை ஓடவிட்டேன்.

எங்கள் ஊரில் சூரியன் கடலில் எழுந்து வயலில் மறைவது. கொழும்பில் அது கடலில் இறங்க மேலும் ஏழெட்டு நிமிடமாகும். தீவின் மேற்கிலும் மலைநாட்டிலும் என்னை நம்பிய அத்தனை பேரும் சூரியன் இருக்கவே நோன்பைத் திறந்துவிட்டார்கள்.

தொலைபேசிகள் ஒலித்தன. மறுநாள் நானே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து மன்னிப்புக் கேட்டேன். அந்த ஒரு நோன்பைக் கழாச் செய்யும்படி, அதாவது ரமழான் முடிந்த பின் வேறொரு நாளில் நோற்று நிறைவேற்றும்படி, கேட்டுக்கொண்டேன். என்னை மலைக்க வைத்தது தவறு அல்ல. தவறு எவருக்கும் நேரும். வானத்தில் சூரியன் இருந்தது. அதைப் பார்க்கக் கண்ணும் இருந்தது. ஆனாலும் எங்கோ ஓர் அறைக்குள் இருக்கும் ஒரு மனிதனின் குரலை அவர்கள் சூரியனுக்கு மேலாக நம்பினார்கள்.

அவர்களுள் ஒருவர் பரீதா. மணமாகி நான்கு மாதம். தெமட்டகொடையில் ஓர் அறையில் குடியிருந்தோம். அன்று வீடு திரும்பிய என்னிடம் அவர் கோபிக்கவில்லை.

“முன்சுவர்ல வெயில் இருந்திச்சி,” என்றார். “நான் கண்டன்.”

“கண்டுமா குடிச்ச?”

“நீங்க செல்லுறீங்களே எண்டு குடிச்சன்.”

பின்னர் ஆயுள் முழுவதும் அவர் இதைக் கொண்டே என்னைக் கேலி செய்தார். நான் எதையேனும் உறுதியாகச் சொன்னால், “கொழும்பு நேரமா, கல்முனை நேரமா?” என்று கேட்பார்.

3

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒஸ்லோ வந்தோம். வந்த காரணம் இக்குறிப்புக்குரியதன்று. இங்கே என் குரலுக்கு வேலை இருக்கவில்லை. நோர்வே மொழியை இலக்கணத்தோடு கற்றேன்; ஆயினும் நான் பேசத் தொடங்கியதும் கேட்பவர்கள் முகத்தைச் சற்று முன்னால் கொண்டுவருவார்கள். குரலால் வாழ்ந்த ஒருவனுக்கு அது போதுமான பதில். ஆகவே குரலை விட்டுவிட்டு, குரல் செல்லும் வழியைக் கற்றேன். இந்த நாடு பழைய பண்பலையைக் கைவிட்டு எண்மிய ஒலிபரப்புக்கு மாறிய காலத்தில் சிறிய வானொலிகளுக்கு ஆலோசகரானேன். அதன்பின் இணைய ஒலிபரப்பும் என் தொழிலாயிற்று.

இத்தொழில் எனக்கு முதலில் காட்டிய அதிசயம் தாமதம். பழைய வானொலியில் நான் பேசும் கணத்திலேயே மன்னாரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பார். எண்மிய முறையில் குரலைத் துண்டு துண்டாக்கிப் பொதிகட்டி அனுப்புகிறோம். மறுபக்கத்தில் சில பொதிகள் சேரும்வரை காத்திருந்துதான் கட்டை அவிழ்க்கிறார்கள். கேட்பவர் எப்போதும் சற்று முன்னர் நடந்ததையே கேட்கிறார். அதை இப்போது என்று நம்புகிறார். இந்தத் தாமதத்தைக் குறைத்துத் தருவதற்கே எனக்குச் சம்பளம்.

சமையலறையில் ஒரு வானொலியும் கூடத்தில் ஒரு வானொலியும் வைத்து நான் சோதித்துக்கொண்டிருந்த நாளில் பரீதா கீரை நறுக்கியபடி சொன்னார்: “ரெண்டு பேரும் ஒரே கதையத்தான் செல்லுறாங்க. கூடத்துல இரிக்கிறவருக்கு விளக்கம் கொஞ்சம் காணாது போல. மத்தவர்ட வாயப் பாத்துப் பாத்துச் செல்லுறாரு.”

ஜூன் மாதத்தில் நோன்பு வந்த ஆண்டுகளில் இங்கே இரவு பத்தரையைக் கடந்தும் சூரியன் மறையாது. அவர் சன்னலருகே பேரீச்சம்பழத் தட்டோடு இருந்து, “இந்த ஊருச் சூரியனுக்குப் போறதுக்கு ஊடு வாசல் இல்லியாக்கும்” என்பார். எங்கள் மகன் இர்பான் அப்போது பள்ளிச் சிறுவன். உம்மாவின் கதைக்குச் சிரிப்பான். பதிலை நோர்வே மொழியில் சொல்வான். அவன் தமிழைத் தமிழாக வைத்திருந்தது பரீதாவின் வாய்தான். என்னிடமிருந்து அவன் எழுத்துத் தமிழின் திருத்தங்களையே பெற்றான். திருத்தப்படும் பிள்ளை மெல்ல மெல்லப் பேசாமல் விடும் என்பதை நான் காலந்தாழ்த்தியே அறிந்தேன்.

4

சென்ற ஆண்டு ஜவாத்தின் மகளுடைய கலியாணத்துக்குப் பரீதாவும் இர்பானும் ஊருக்குப் போயிருந்தார்கள். எனக்கு ஓர் ஒப்பந்த வேலை முடியாதிருந்தது.

இங்கே காலை ஏழு மணி. அங்கே பகல் பதினொன்றரை. இர்பான் அழைத்தான். நெஞ்சுவலி என்று கல்முனை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோன உம்மா திரும்பவில்லை என்றான். பின்னர், அருகிலிருந்தவர்கள் கேட்கச் சொன்னதைக் கேட்டான்.

“வாப்பா, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கப் போறாங்களாம். நீங்க வாறதெண்டா நாளைக்கு ராவைக்கு எடுக்கலாமாம். ஆசுபத்திரியில வெக்கிறத்துக்கு வசதி இரிக்கி. வெக்கவா?”

“வைக்க வேண்டாம். அடக்குங்க,” என்றேன்.

மையத்தை, உயிர்பிரிந்த உடலை, தாமதியாமல் அடக்குவது எங்கள் மார்க்கத்தில் இறந்தவரின் உரிமை. கடல் கடந்து வாழும் எங்கள் ஆட்களில் பெற்றவர் முகத்தையோ துணைவர் முகத்தையோ கடைசியாகக் கண்டவர் குறைவு. விமானம் எங்கள் அடக்கத்தின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. காத்திருக்கும்படி சொல்பவர்களும் உண்டு. ஊரில் அதை யாரும் குறை சொல்வதில்லை. நான் சொல்லவில்லை.

இங்கே நண்பகல் பன்னிரண்டுக்கு, அங்கே மாலை நாலரைக்கு, இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை. மடிக்கணினியில் பள்ளிவாசலின் நேரலையைத் திறந்து வைத்தேன். இர்பான் என்னோடிருந்த அழைப்பைத் துண்டிக்காமல் கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றான். திரையில் ஆட்கள் இன்னும் வரிசையைச் சீர்செய்துகொண்டிருந்தார்கள். சந்தூக்கு, அதாவது மையத்தைச் சுமந்துவரும் பெட்டி, நிலைக்கதவுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. அப்போது கைப்பேசியில் இமாமின் முதலாவது தக்பீர், ‘அல்லாஹு அக்பர்’, கேட்டது.

தொழுகை தொடங்கிவிட்டது. ஆனால் பரீதா இன்னும் வாசலில் இருந்தார்.

வானொலிக் காலத்தில் மௌலவி ஒருவர் நேயர்களின் மார்க்கக் கேள்விகளுக்குப் பதில் தரும் நிகழ்ச்சியை நான் நடத்தினேன். வானொலியில் கேட்கும் இமாமைப் பின்பற்றித் தொழலாமா என்ற கேள்வி ஆண்டுதோறும் வரும். கூடாது என்பதே அவரது பதில். அதை என் வாயாலும் பல முறை சொல்லியிருக்கிறேன். ஆகவே விரித்த தொழுகைப் பாயில் நின்றும் காதில் கேட்ட இமாமையோ திரையில் தெரிந்த இமாமையோ நான் பின்பற்றவில்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் இரண்டாவது தக்பீர். திரையில் முதலாவது முடிந்து அதே அமைதி. காதில் நான்காவது முடிந்து, ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்தார்கள், வரிசை கலைந்தது, “பைய்ய, பைய்யத் தூக்குங்க” என்று ஜவாத்தின் குரல் கேட்டது. திரையில் பரீதா இன்னும் முன்வரிசைக்கு முன்னால் இருந்தார். பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். துணியின் ஓரம் விசிறிக் காற்றில் அசைந்தது.

தாமதத்தைக் குறைக்கும் தொழிலில் பதினைந்து ஆண்டுகள் இருந்தவன், அது நீளாதா என்று அன்றுதான் விரும்பினேன். எங்கோ ஒரு கணினிக் கூடத்தில், எவரும் கருணையென்று எண்ணி அமைக்காத ஓர் இயந்திரம், என் மனைவியை எனக்காக முப்பத்தெட்டு செக்கன் வைத்திருந்தது. நான் வேண்டாம் என்று சொன்னதை அது செய்தது. அல்லாஹ்வின் ஏற்பாடுகளில் எது எந்த வழியாக வரும் என்று நாம் அறிவதில்லை.

திரையிலும் அவரைத் தூக்கிச் சென்ற பின், தூரத்தில் உள்ளவர் தொழ அனுமதிக்கப்பட்ட தொழுகையைத் தனியே தொழுதேன்.

5

இரண்டு வாரத்துக்குப் பின் ஒஸ்லோவில் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். மரணச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்பை உறுதிப்படுத்தும் முத்திரை, முத்திரையை உறுதிப்படுத்தும் இன்னொரு முத்திரை. அலுவலர் ஓர் இளம்பெண், மரியாதையானவர். இறந்த நாளும் அடக்கிய நாளும் ஒன்றாக இருப்பதை விரலால் தொட்டுக் காட்டி, இது எழுத்துப் பிழையா என்று கேட்டார். இந்நாட்டில் இறந்தவர்கள் பல நாள் காத்திருப்பார்கள். பிழையில்லை என்றேன். காரணத்தை விளக்க முயன்று நிகழ்காலத்தில் பேசினேன்: என் மனைவி காத்திருப்பதை விரும்புவதில்லை. அலுவலர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினார். பின்னர் என் படிவத்தில் ‘திருமணமானவர்’ என்ற கட்டத்தில் நான் இட்டிருந்த அடையாளத்தை அழித்து, அடுத்த கட்டத்தில் தாமே இட்டார்.

இர்பான் ஊரிலிருந்து திரும்பி நேரே தன் வீட்டுக்குப் போனான். ஒரே ஒரு முறை, அதுவும் கதவருகில் நின்று, சொன்னான்: “மூணு செக்கன்ல செல்லிட்டீங்க வாப்பா. யோசிக்கவே இல்ல.” அதன்பின் ஞாயிறுதோறும் அழைப்பான். உடல்நலம், குளிர், வேலை. நான்கு நிமிடத்துக்கு மேற்போகாது. இந்த ஓராண்டில் நான் அஞ்சியது ஒன்றேதான். பரீதாவை இழந்ததோடு அவனையும் அந்த மூன்று செக்கனில் இழந்துவிட்டேனோ என்பது.

6

ஜவாத்தின் குரற்பதிவு வந்து எட்டு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. நோன்பு நெருங்கியது. தாமதத்தைச் சரியாக அளக்க இருவர் வேண்டும் என்று இர்பானை அழைத்தேன். அது உண்மைதான், எனினும் தனியாகவும் செய்திருக்கலாம். சனிக்கிழமை நண்பகல் வந்தான். அங்கே அஸர் முடிந்து பள்ளிவாசல் வெறுமையாக இருக்கும் நேரம். ஜவாத் ஒலிவாங்கியின் முன் நின்று கைதட்ட வேண்டும். சாதாரண அழைப்பில் அந்தச் சத்தம் உடனே கேட்கும். அதே சத்தம் நேரலையில் வரும்வரை இர்பான் எண்ண வேண்டும்.

“மச்சான், தட்டட்டா?”

“தட்டுங்க.”

கைப்பேசியில் ஒரு தட்டு. மடிக்கணினித் திரையில் ஜவாத் அப்போதுதான் ஒலிவாங்கியை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தார். சாரத்தை இறுக்கிக் கட்டினார். தொண்டையைச் செருமினார். இர்பான் திரையையே பார்த்திருந்தான். பிறகு திரையிலிருந்த ஜவாத் கைதட்டினார்.

“முப்பத்தெட்டு,” என்றான். எழுதவில்லை. சற்றுப் பொறுத்து, “அண்டைக்கும் இப்பிடியா?” என்று கேட்டான்.

“ஓம்.”

“என்ட போன்ல முதல்ல கேட்டிரிக்கும்.”

“ஓம்.”

“அப்ப நாங்க உம்மாவத் தூக்கின பொறகும் நீங்க…”

கைப்பேசியில் ஜவாத் கேட்டார்: “என்ன மச்சான், சத்தத்தக் காணல்ல? இன்னும் தட்டணுமா? நம்மட பாங்கு செல்லுற மோதினாரும் பக்கத்துல நிக்காரு. ஒலிபெருக்கிய ஒஸ்லோப் பக்கம் திருப்பி வெச்சாச் சரிவராதாமா எண்டு கேக்காரு.”

“அவரையும் தட்டச் சொல்லுங்க,” என்றேன். அங்கே இருவரும் சிரித்தார்கள்.

வேலை கடினமானதன்று. காட்சியோடு சேர்த்து அனுப்பாமல், பாங்கின் ஒலியை மட்டும் பிரித்து வேறொரு விரைவான வழியில் அனுப்பினேன். ஜவாத் மீண்டும் தட்டினார். இம்முறை ஒரு செக்கனும் ஆகவில்லை.

“மாஷா அல்லாஹ்,” என்றார் ஜவாத். “அப்பிடியே அந்த வீடியோவையும் சரியாக்கி உட்டிருங்க.”

நான் பதில் சொல்லவில்லை. என்னால் முடியும் என்று அவருக்கும் தெரியும். பொய் சொல்லவும் விருப்பமில்லை. மூன்று செக்கன் கடந்திருக்கும்.

“மாமா,” என்றான் இர்பான், கைப்பேசியின் பக்கம் குனிந்து. “வீடியோ இரிக்கட்டும். அதுல பாங்கு ஆரும் கேக்கத் தேவல்ல. ஜனாஸாதான் பாப்பாங்க, வெளிநாட்டுல இரிக்கிற ஆக்கள். அவங்களுக்கு அது பிந்தியே வரட்டும்.”

“சரி மகன்,” என்றார் ஜவாத். “நிருவாகத்துக்கு நான் செல்லிக்கிறன்.”

7

தேநீர் ஊற்றினேன். அவன் கோப்பையைத் தொடவில்லை.

“நான் நோன்பு வாப்பா.”

ஷஃபானில் நோற்பது நன்மை தேடித்தரும் அமல்தான். ஆனால் இவன் அப்படிப்பட்டவனாக எனக்குத் தெரிந்திருக்கவில்லை. “என்ன நோன்பு?” என்றேன்.

“உம்மாட. சுகமில்லாம இருந்த வருசம் ஆறு நோன்பு கழா இருந்திச்சி. ஊருல குளிரு இல்ல, அங்க போய்ப் புடிக்கன் எண்டு பிளேன்ல செல்லிக்கிட்டு வந்தா. புடிக்கக் கிடைக்கல்ல. புள்ள புடிச்சாச் சரியாம், இங்க பள்ளியில கேட்டன். இண்டைக்கு ஆறாவது.”

ஆறு நோன்பு. எனக்கு அது தெரியாது. என்னிடம் அவர் சொல்லவில்லை, அவனிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளின் நான்கு நிமிட அழைப்புகளில் அவன் பசியோடிருந்த நாளும் இருந்திருக்கும். நான் குளிரைப் பற்றிக் கேட்டிருப்பேன்.

என் கோப்பையையும் உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

“நீ அன்று சொன்னாயே, யோசிக்கவே இல்லை என்று,” என்றேன். “அது சரிதான். யோசிக்கவில்லை. மையத்தின் உரிமை என்று நான் பின்னர்தான் எண்ணினேன். நீ கேட்டாய், வாய் பதில் சொல்லிவிட்டது. பழக்கம். சொன்ன பின் மாற்றிச் சொல்ல எனக்கு ஐந்து மணித்தியாலம் இருந்தது. மாற்றவில்லை. அது சரியா பிழையா என்று எனக்கு இன்னும் தெரியாது மகன்.”

கலையகமாக இருந்தால் கண்ணாடிக்கு அப்பால் எவரேனும் எழுந்து நின்றிருப்பார். நான் அந்த மௌனத்தை நிரப்பவில்லை. வெளியே பனி அள்ளும் வண்டி தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய்த் திரும்பியது.

“உம்மாக்கும் தெரிஞ்சிரிக்காது,” என்றான் கடைசியில். “தெரிஞ்சாலும் கொழும்பு நேரமா, கல்முனை நேரமா எண்டுதான் கேட்டிரிப்பா.”

மாலைவரை இருந்தான். அவனுக்காகக் கஞ்சி வைத்தேன், உப்புக் கூடிவிட்டது. பேரீச்சம்பழத்தையும் தண்ணீரையும் மேசையில் வைத்தேன். அவன் கைப்பேசி மடிக்கணினியின் அருகே கவிழ்ந்து கிடந்தது. அதில் ஒஸ்லோவின் தொழுகை நேரம் நிமிடம் பிசகாமல் இருக்கும்; அதை அமைத்தவர்களுள் சிலரை எனக்குத் தெரியும். அவன் அதை எடுக்கவில்லை.

“நேரமாயிட்டா வாப்பா?” என்றான்.

எழுந்து சன்னலுக்குப் போனேன். எதிர்க் கட்டடத்தின் மேல்மாடிச் சுவரில் ஒரு கோடளவு வெயில் இருந்தது. அது மேலேறிக் கூரையின் பனியைத் தொட்டு, சிவந்து, இல்லாமற்போகும்வரை நின்றேன். பிறகும் சற்று நின்றேன்.

“ஓம் மகன்,” என்றேன். “குடி.”

அவன் சுவரையும் பார்க்கவில்லை, கைப்பேசியையும் பார்க்கவில்லை. பிஸ்மி சொல்லிக் குடித்தான்.